சிவப்பு அட்டைப் புத்தகங்கள்

வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளையையோ பெண்ணையோ பார்த்துவிட்டு வரக் கிளம்பும் நம் அங்கத்தினர்கள், பருப்புப் பொடி, ஊறுகாய், ஆறு மாதத்துக்கு மருந்து மாத்திரை என்று பெட்டி கட்டும்போது, அந்த தேசத்தைப் பற்றிய வழிகாட்டிப் புத்தகம் ஒன்றையும் துணிகளுக்கு மேலாக வைத்துக்கொண்டு போன காலம் ஒன்று இருந்தது. இன்று அந்த இடத்தைக் கைபேசி பிடித்துக்கொண்டுவிட்டது. ஆனாலும் எந்த ஊரில் எதைப் பார்ப்பது, எங்கே தங்குவது, எதற்கு எவ்வளவு கொடுப்பது என்று முன்பின் தெரியாத ஒருவர் சொல்வதை நம்பி நாம் நடப்பது மட்டும் மாறவில்லை. இந்த நம்பிக்கையை யார் உண்டாக்கினார்கள், யார் காப்பாற்றினார்கள், யார் கெடுத்தார்கள் என்று பார்த்தால் சுமார் இருநூறு வருஷத்துச் சரித்திரம் அதில் அடங்கியிருக்கிறது.

முதலில் ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிட வேண்டும். பயணக் கட்டுரை வேறு, வழிகாட்டி நூல் வேறு. தமிழில் பயணக் கட்டுரைக்குப் பஞ்சமே இல்லை. ஏ.கே. செட்டியாரின் 'உலகம் சுற்றும் தமிழன்', ஆனந்த விகடனில் மணியன் எழுதிய 'இதயம் பேசுகிறது' ஆகியவற்றை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பயணக் கட்டுரை எழுதுகிறவர் 'நான் போனேன், நான் பார்த்தேன்' என்று சொல்கிறார். வழிகாட்டி நூல் எழுதுகிறவரோ தன்னை மறைத்துக்கொண்டு 'நீங்கள் இந்தத் தெருவில் இடது பக்கம் திரும்புங்கள்' என்கிறார். அவர் தவறாகச் சொன்னால் நடுத்தெருவில் நிற்பது நாம்தான். ஆகவே அவருடைய பொறுப்பு பெரியது.

பழைய வழிகாட்டிகள்

புண்ணிய யாத்திரைதான் எல்லா நாட்டிலும் இதற்கு ஆரம்பம். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பாசனியாஸ் என்ற கிரேக்கர் தம் நாட்டுக் கோயில்களையும் ஊர்களையும் சுற்றிப் பார்த்துப் பத்துப் பாகங்களில் எழுதி வைத்தார். அது எவ்வளவு நம்பகமானது என்பதற்கு ஓர் அத்தாட்சி: ஏறக்குறைய 1,700 வருஷங்களுக்குப் பிறகு, 1876இல், ஹைன்ரிக் ஷ்லீமான் என்ற ஜெர்மானியர் பாசனியாஸின் குறிப்பை வைத்துக்கொண்டு மைசீனி கோட்டைக்குள்ளே தோண்டினார். தங்க முகமூடிகளோடு அரச வம்சத்துக் கல்லறைகள் கிடைத்தன.

ஸ்பெயின் நாட்டில் சாந்தியாகோ என்ற கிறிஸ்தவ க்ஷேத்திரத்துக்குப் பிரான்ஸிலிருந்து நடந்து போகும் யாத்ரிகர்களுக்காக 12ஆம் நூற்றாண்டில் லத்தீனில் எழுதப்பட்ட ஏடு ஒன்று உண்டு. எந்த ஆற்றுத் தண்ணீர் நல்லது, எந்தத் தண்ணீரைத் தொடக் கூடாது என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. ஒரு நதிக்கரையில் இரண்டு பேர் கத்தி தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். குதிரை தண்ணீர் குடிக்கலாமா என்று கேட்டதற்கு, தாராளமாகக் குடிக்கலாம் என்றார்களாம். குடித்த குதிரைகள் அங்கேயே செத்து விழ, அவர்கள் எழுந்து வந்து தோலை உரிக்க ஆரம்பித்துவிட்டார்களாம். உள்ளூர்க்காரன் சொல்வதைக் கேட்டு ஏமாறாதே, நான் போய்ப் பார்த்தவன் சொல்கிறேன் என்பதுதான் அதன் சாரம். அதற்குப் பின் வந்த வழிகாட்டி நூல்கள் எல்லாம் இந்த ஒரு வாக்கியத்தின் விஸ்தரிப்பு என்றே சொல்லலாம்.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் தலைமை மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராஸ்வாமய்யா 1830ஆம் ஆண்டு மே மாதம் பெரிய பரிவாரத்தோடு காசிக்குப் புறப்பட்டார். 1831 செப்டம்பரில் திரும்பினார். ரயில் இல்லாத காலம். தங்கிய ஒவ்வொரு ஊரையும் பற்றி, என்ன சாமான் கிடைக்கும், எங்கே இறங்கலாம், பாதை எப்படி என்று தெலுங்கில் எழுதிக்கொண்டே போனார். அவர் காலமான பின், 1838இல், 'காசி யாத்ரா சரித்ர' என்ற பெயரில் அது அச்சேறியது. சொந்த யாத்திரையைச் சொல்லும் நூல்தான். ஆனால் பின்னால் வரப்போகிறவனை நினைத்துக்கொண்டு எழுதிய நூல்.

அதிசயம் என்னவென்றால், வீராஸ்வாமய்யா காசிப் பாதையில் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்த அதே வருஷங்களில் ஐரோப்பாவில் ஓர் ஆங்கில வாலிபரும் நோட்டுப் புத்தகத்தோடு சுற்றிக்கொண்டிருந்தார்.

மர்ரேயும் அவருக்கு முன்னால் ஒரு பெண்மணியும்

அந்த வாலிபர் ஜான் மர்ரே. லண்டனில் புகழ்பெற்ற பதிப்பகக் குடும்பத்தைச் சேர்ந்தவர். கவி பைரனின் நூல்களையும், பிற்காலத்தில் 1859இல் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' நூலையும் வெளியிட்ட வீடு அது. 1829இல் ஹாலந்து தேசத்தில் போய் இறங்கியபோது, வடக்கு ஐரோப்பாவுக்கு உருப்படியான வழிகாட்டி நூல் எதுவுமே இல்லை என்று கண்டார். தானே பல வருஷம் சுற்றி, குறிப்பு எடுத்து, 1836இல் ஹாலந்து, பெல்ஜியம், வட ஜெர்மனிக்கு ஒரு கையேட்டை வெளியிட்டார். அடுத்தடுத்துத் தென் ஜெர்மனி, ஸ்விட்சர்லாந்து, பிரான்ஸ் வந்தன. சிவப்பு அட்டை, கையடக்கமான அளவு, பாதை வாரியாகப் பிரித்த அத்தியாயங்கள்.

அவருக்கும் முன்னோடி ஒருவர் உண்டு. மரியானா ஸ்டார்க் என்ற பெண்மணி. இவருடைய தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியில் சென்னை ராஜதானியில் உத்தியோகம் பார்த்தவர். நோயாளியாக இருந்த உறவினர்களைக் கவனித்துக்கொண்டு இத்தாலியில் பல வருஷம் இருந்த அனுபவத்தில், வண்டிச் சத்தம், வீட்டு வாடகை, துணி வெளுக்கும் கூலி வரை விவரமாக எழுதினார். பெரிய மனிதர்கள் ரசனையைப் பற்றி மட்டும் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், வீட்டுச் செலவுக் கணக்கு பார்க்கத் தெரிந்த ஒரு பெண்மணிதான் பிரயாணிக்கு உண்மையில் என்ன தேவை என்று கண்டுபிடித்தார். சித்திரங்களின் தராதரத்தைக் காட்ட ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஆச்சரியக்குறிகளைப் போட்டவரும் அவரே. இன்று ஹோட்டல்களுக்கும் சினிமாவுக்கும் நாம் போடும் நட்சத்திரங்களுக்கு இதுதான் பாட்டி. அவருடைய 1820ஆம் வருஷத்து நூலை வெளியிட்டதும் மர்ரே குடும்பம்தான்.

படிக்கட்டு எண்ணிய பேடேக்கர்

ஆனால் வழிகாட்டி நூல் என்றால் இவர்தான் என்று சொல்லும்படி பெயர் நிலைத்தது ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் பேடேக்கருக்கு. 1801இல் பிறந்தவர். 1827இல் ரைன் நதிக்கரையில் உள்ள கோப்ளென்ஸ் நகரில் புத்தகக் கடை வைத்தார். 1832இல் நலிந்துபோன ஒரு பதிப்பகத்தை வாங்கியபோது, ரைன் நதிப் பிரயாணத்தைப் பற்றிய நூல் ஒன்றும் அதோடு சேர்ந்து வந்தது. அதைத் திருத்தித் திருத்தி வெளியிட்டதில் ஒரு புதிய தொழிலே பிறந்துவிட்டது. மர்ரேயிடமிருந்து கற்றுக்கொண்டதை அவர் மறைக்கவில்லை, முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டார். பின்னால் சிவப்பு அட்டையையும் எடுத்துக்கொண்டார்.

அவரைப் பற்றிச் சொல்லப்படும் ஒரு கதை பிரசித்தம். 1847இல் மிலான் நகரத்துப் பெரிய தேவாலயத்தின் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தவர், நடுநடுவே நின்று, சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்துக் கால்சட்டைப் பைக்கு மாற்றிக்கொண்டிருந்தாராம். என்னவென்று பார்த்தால் உலர்ந்த பட்டாணி. இருபது படிக்கு ஒரு பட்டாணி. மேலே போனதும் பட்டாணியை எண்ணி இருபதால் பெருக்கினால் படிகளின் எண்ணிக்கை. இறங்கும்போது மறுபடியும் அதே கணக்கு. ஏறினதும் இறங்கினதும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பு. வயதானவர்கள் ஏறலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க அந்த எண்ணிக்கை எவ்வளவு உதவும் என்று, முழங்கால் வலியோடு திருச்சி உச்சிப் பிள்ளையாரையோ பழனியையோ நிமிர்ந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பேடேக்கரின் நோக்கம் ஒன்றுதான். பிரயாணி, தரகனையும் வழிகாட்டிப் பையனையும் வண்டிக்காரனையும் நம்பி நிற்காமல், தன் காலில் நிற்க வேண்டும். அதற்காகச் சில விதிகளை அந்தப் பதிப்பகம் விடாமல் பின்பற்றியது. ஹோட்டல்காரரிடம் காசு வாங்கிக்கொண்டு சிபாரிசு செய்வதில்லை. புத்தகத்தில் விளம்பரம் கிடையாது. விசேஷமானவற்றுக்கு ஒரு நட்சத்திரம், மிகவும் விசேஷமானவற்றுக்கு இரண்டு; அதற்கு மேல் இல்லை. வாசகர்கள் தாங்கள் தங்கிய ஹோட்டலின் பில்லைக் குறிப்போடு அனுப்பி வைத்தால், அடுத்த பதிப்பில் விலையைத் திருத்திக்கொள்வார்கள். ஆக, எழுதுகிறவரும் படிக்கிறவரும் சேர்ந்து வளர்த்த புத்தகம் அது.

கார்ல் 1859இல் காலமானார். 1861இல் ஆங்கிலப் பதிப்புகள் ஆரம்பித்தன. 1872இல் பதிப்பகம் லைப்சிக் நகரத்துக்கு மாறியது. மகன் ஃப்ரிட்ஸ் காலத்தில் எகிப்து, பாலஸ்தீனம், ரஷ்யா, அமெரிக்கா என்று விரிந்தது. அந்தந்தத் துறைப் பண்டிதர்களைக் கொண்டே எழுதுவித்தார்கள். எகிப்து நூலைத் தொகுத்தவர் கியோர்க் ஷ்டைன்டார்ஃப் என்ற பெரிய எகிப்திய ஆராய்ச்சியாளர். அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வருவார். போட்டி தாங்காமல் மர்ரே குடும்பம் 1901இல் தங்கள் கையேடுகளை வேறு பதிப்பகத்துக்கு விற்றுவிட்டது. ஆனால் ஒரு தேசத்தை விடவில்லை. அது இந்தியா.

இந்தியாவுக்கு வந்த கையேடு

மர்ரேயின் இந்தியக் கையேடு 1859இல் வெளிவந்தது. சென்னைக்கு ஒரு பாகம், பம்பாய்க்கு ஒரு பாகம். எழுதியவர் பாரசீக மொழிப் பண்டிதரான எட்வர்ட் ஈஸ்ட்விக். அடுத்து வங்காளமும் பஞ்சாபும் வந்து, 1890களின் ஆரம்பத்தில் எல்லாம் சேர்ந்து ஒரே நூலாயிற்று. பதிப்பு மேல் பதிப்பாக 1975இல் 22ஆம் பதிப்பு வரை அது வந்தது. அரசாட்சி மாறி, தேசம் பிரிந்து, வங்கதேசம் உதயமான பிறகும் அந்தப் புத்தகம் நடந்துகொண்டே இருந்தது.

கோயில்கள், கோட்டைகள், கல்வெட்டுகள் பற்றி அதில் உள்ள உழைப்பைக் குறை சொல்ல முடியாது. இன்றைக்கும் ஆராய்ச்சியாளர்கள் புரட்டுகிறார்கள். ஆனால் யாருக்காக எழுதியது என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். லக்னோவிலும் கான்பூரிலும் 1857இல் ஆங்கிலேயர்கள் முற்றுகையிடப்பட்ட இடங்களுக்கு நீண்ட வர்ணனை. கூட வருகிற வேலைக்காரனை அமர்த்துவது எப்படி என்று புத்திமதி. அதாவது அந்தப் புத்தகத்தில் நம் பாட்டனார்கள் வருகிறார்கள், ஆனால் வாசகர்களாக வரவில்லை.

பேடேக்கர் பதிப்பகமும் 1914இல் 'இந்தியா' என்ற நூலை வெளியிட்டது. இலங்கை, பர்மா, சயாம், ஜாவா வரை அடங்கியது. ஜெர்மன் மொழியில் மட்டும்தான் வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் யுத்தம் மூண்டது. ஆங்கிலப் பதிப்பு வரவேயில்லை. வெளியான சில மாதங்களிலேயே ஜெர்மானியர் யாரும் இந்தியாவுக்கு உல்லாசமாக வர முடியாத நிலை. பழைய புத்தகம் சேகரிப்பவர்கள் இன்று அதைத் தேடி அலைகிறார்கள்.

நம்மவர்களுக்காகவே எழுதியது ஒன்றுமில்லையா என்றால், ரயில்வே கம்பெனிகளின் வழிகாட்டிகளைச் சொல்லலாம். தென்னிந்திய ரயில்வேக்கு 1900இல் ஹிக்கின்பாதம்ஸ் வெளியிட்ட படங்களோடு கூடிய வழிகாட்டி, ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் எங்கே தங்கலாம் என்று சொல்லிக்கொண்டே போகிறது. ஐரோப்பியருக்கு எந்த பங்களா, மற்றவர்களுக்கு எந்தச் சத்திரம், எந்தச் சத்திரத்தில் பிராமணர்களுக்குச் சாப்பாடு என்ற விவரங்கள் அந்தக் காலத்துப் பிரயாணத்தின் ஒரு பகுதி. பங்களாக் கதவு நமக்கு மூடியிருந்தது. சத்திரக் கதவு திறந்திருந்தது. அந்த இரண்டாவது கதவும் மூடியிருந்தவர்கள் நாட்டில் ஏராளம். அவர்களுக்காக யாரும் புத்தகம் போடவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் இந்தச் சரித்திரம் பூர்த்தியாகாது.

நட்சத்திரம் பார்த்துப் போட்ட குண்டுகள்

முதல் உலக யுத்தம் ஜெர்மானியப் புத்தகத்தை இங்கிலாந்தில் விலைபோகாமல் செய்துவிட்டது. பேடேக்கரின் ஆங்கிலப் பதிப்புகளைப் பார்த்துவந்த மியூர்ஹெட் சகோதரர்கள் தனியாகப் பிரிந்து, 1918இல் 'நீல வழிகாட்டி' வரிசையை லண்டன் நூலோடு ஆரம்பித்தார்கள். பேடேக்கர் மெல்லத் தலைதூக்கி 1929இல் எகிப்து நூலின் புதிய ஆங்கிலப் பதிப்பைக் கொண்டுவந்தது. வழிகாட்டி நூல்களிலேயே தலைசிறந்தது அதுதான் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. ஆனால் அதைத் தொகுத்த ஷ்டைன்டார்ஃப் யூத வம்சத்தில் பிறந்தவர். ஹிட்லர் ஆட்சியில் லைப்சிக்கில் இருக்க முடியாமல், 1939இல், எழுபது வயதைக் கடந்த பிறகு, அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

1942 மார்ச் மாதக் கடைசியில் பிரிட்டிஷ் விமானங்கள் லூபெக் என்ற பழைமையான ஜெர்மன் நகரத்தைத் தீக்கிரையாக்கின. பதிலுக்கு ஏப்ரல் முதல் ஜூன் வரை எக்ஸெட்டர், பாத், நாரிச், யார்க், காண்டர்பரி ஆகிய ஊர்கள் மேல் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டன. இவற்றில் பெரிய ராணுவ முக்கியத்துவம் இல்லை; அழகான புராதன நகரங்கள் என்பதுதான் அவை செய்த குற்றம். பேடேக்கரில் மூன்று நட்சத்திரம் பெற்ற கட்டடங்களை எல்லாம் தகர்ப்போம் என்று ஜெர்மன் வெளியுறவு இலாகா அதிகாரி ஒருவர் பேசியதாகச் செய்தி பரவியது. பேடேக்கர் இரண்டு நட்சத்திரத்துக்கு மேல் யாருக்கும் கொடுத்ததில்லை என்பது அவருக்குத் தெரியாது போலும்! இந்தத் தாக்குதல்களுக்கு 'பேடேக்கர் ரெய்டு' என்றே பெயர் விழுந்தது. 1,600க்கும் மேற்பட்ட பொதுமக்கள் உயிரிழந்தார்கள். இதைப் பார்க்காமல் போகாதே என்று காட்டுவதற்கு ஏற்பட்ட அடையாளம், இதை விட்டுவைக்காதே என்று காட்டும் அடையாளமாக மாறிப்போயிற்று.

இதாவது பிறர் செய்தது. அடுத்தது பதிப்பகமே செய்தது. 1943இல், ஜெர்மனி ஆக்கிரமித்த போலந்துப் பகுதிக்கு ஒரு வழிகாட்டி நூலை பேடேக்கர் வெளியிட்டது. கேட்டு வாங்கியவர் அங்கே கவர்னராக இருந்த ஹான்ஸ் ஃப்ராங்க். யுத்தம் முடிந்தபின் 1946இல் நியூரம்பர்க் தீர்ப்புப்படி தூக்கிலிடப்பட்டவர். அந்த மண்ணில் யூதர்கள் லட்சக்கணக்கில் கொல்லப்பட்டுக்கொண்டிருந்த சமயம் அது. நூலோ எப்போதும்போல ரயில் மார்க்கம், ஹோட்டல், தேவாலயம், சதுக்கம் என்று போகிறது. ஓரிடத்தில் இப்போது யூதர்கள் இல்லை என்று, மழை அளவு சொல்வதுபோல ஒரு தகவல். ஆஷ்விட்ஸ் என்ற பெயரும் வருகிறது, ரயில் மார்க்கத்தில் ஒரு ஊராக. படிக்கட்டை இரண்டு முறை எண்ணிச் சரிபார்த்தவரின் பெயர் தாங்கிய புத்தகம், கண்ணெதிரே மறைந்துபோன மனிதர்களை எண்ணவில்லை. உள்ளே உள்ள தகவல்களில் பல சரியாகவே இருந்திருக்கலாம். தகவல் சரியாக இருந்தும் புத்தகம் பொய்யாக இருக்கலாம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

அதே 1943 டிசம்பரில் பிரிட்டிஷ் விமானங்கள் லைப்சிக் மேல் குண்டு போட்டன. பேடேக்கர் பதிப்பகக் கட்டடமும் அதிலிருந்த ஆவணங்களும் நாசமாயின. 1948இல் குடும்பத்தார் மறுபடி ஆரம்பித்தார்கள். பெயர் இன்றும் இருக்கிறது. பழைய அதிகாரம் திரும்பவில்லை.

டயர் கம்பெனியும் தபால்காரரும்

இதற்கிடையில் மோட்டார் கார் வந்துவிட்டிருந்தது. பிரான்ஸில் டயர் தயாரித்த மிஷெலின் சகோதரர்கள் 1900இல், பழுது பார்க்கும் இடம், பெட்ரோல் கிடைக்கும் இடம் எல்லாம் அடங்கிய சிறு புத்தகத்தை இலவசமாக வழங்கினார்கள். அப்போது அந்த நாட்டில் இருந்ததே சில ஆயிரம் கார்கள்தான். அச்சிட்டது சுமார் 35,000 பிரதிகள்! வண்டிகள் அதிகம் ஓடினால் டயர் அதிகம் தேயும் என்ற வியாபார சூட்சுமம். 1920 முதல் விலை வைத்தார்கள், 1926இல் நல்ல சாப்பாட்டுக்கு நட்சத்திரம் கொடுக்க ஆரம்பித்தார்கள். 1944இல் நேச நாட்டுப் படைகள் பிரான்ஸில் இறங்கியபோது, அந்த நூலின் 1939ஆம் வருஷப் பதிப்பை வாஷிங்டனில் மறு அச்சிட்டு அதிகாரிகளுக்குக் கொடுத்தார்கள். அதிலிருந்த நகர வரைபடங்களுக்காக. ஒரு வழிகாட்டி நூலின் நட்சத்திரத்தைக் கேட்டு நகரங்கள் எரிந்த இரண்டு வருஷத்துக்குள், இன்னொரு வழிகாட்டி நூல் நகரங்களை மீட்க உதவியது.

ஆனால் மனத்தைத் தொடும் வழிகாட்டி எது என்று கேட்டால் நான் வேறொன்றைத்தான் சொல்வேன். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் குடியிருந்த விக்டர் ஹ்யூகோ கிரீன் ஒரு தபால்காரர், கறுப்பினத்தவர். அக்காலத்தில் அமெரிக்காவில் கறுப்பின மக்கள் சொந்தக் காரில் போனாலும் பல ஹோட்டல்களில் அறை கிடையாது, சாப்பாடு கிடையாது, சில பெட்ரோல் பங்க்குகளில் கழிப்பறையைக்கூடத் திறந்துவிட மாட்டார்கள். இருட்டிய பிறகு கறுப்பினத்தவர் கண்ணில் படக்கூடாது என்றிருந்த ஊர்களும் உண்டு. குழந்தை குட்டிகளோடு புறப்படுகிறவர்கள் கூடையில் சாப்பாடும், டின்னில் பெட்ரோலும் கட்டிக்கொண்டு போவார்கள். கிரீன் 1936இல், தங்களை மரியாதையாக நடத்தும் இடங்களை மட்டும் திரட்டி ஒரு சிறு புத்தகம் போட்டார். முதலில் நியூயார்க் சுற்றுவட்டாரம். பிறகு, மற்ற ஊர்த் தபால்காரர்கள் கொடுத்த தகவல்களால், தேசம் முழுவதும். எஸ்ஸோ பெட்ரோல் பங்க்குகளிலும் விற்றது. இப்படி ஒரு ஏற்பாட்டை யூதர்கள் தங்கள் மக்களுக்கு முன்பே செய்திருந்ததைக் கிரீன் நன்றியோடு குறிப்பிட்டார்.

மிலானில் எத்தனை படி என்று அந்தப் புத்தகத்தில் இராது. எந்த வீட்டுக் கதவைத் தட்டினால் ராத்திரி தூங்க இடம் கிடைக்கும் என்று இருக்கும். தன் புத்தகம் வேண்டியிராத ஒரு நாள் வர வேண்டும் என்று தன் முன்னுரையிலேயே வேண்டிக்கொண்ட பதிப்பாளர் உலகத்தில் வேறு யாராவது இருப்பாரா? கிரீன் 1960இல் காலமானார். 1964இல் சிவில் உரிமைச் சட்டம் நிறைவேறியது. 1966-67ஆம் வருஷப் பதிப்போடு புத்தகம் நின்றது. 2018இல் அதன் பெயரிலேயே வந்த திரைப்படம் ஆஸ்கர் பரிசு பெற்ற பிறகுதான் வெளி உலகத்தில் பலருக்கு இந்த விஷயம் தெரியவந்தது.

மஞ்சள் புத்தகமும் கைபேசியும்

யுத்தத்துக்குப் பிறகு சாதாரண மனிதர்களும் விமானம் ஏறினார்கள். ஜெர்மனியில் அமெரிக்கச் சிப்பாயாக இருந்த ஆர்தர் ஃப்ரோமர், 1957இல் நாளைக்கு 5 டாலர் செலவில் ஐரோப்பாவைப் பார்க்கலாம் என்று எழுதி லட்சக்கணக்கானவர்களுக்குத் தைரியம் கொடுத்தார். டோனி வீலர், மோரீன் வீலர் தம்பதி 1972இல் லண்டனிலிருந்து தரைமார்க்கமாகக் கிளம்பி ஆசியா முழுக்கக் கடந்து, கையில் 27 சென்ட் மிச்சத்தோடு சிட்னி போய்ச் சேர்ந்தார்கள். எப்படிச் சமாளித்தீர்கள் என்று எல்லோரும் கேட்கவே 1973இல் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதிய சிறு புத்தகம்தான் லோன்லி பிளானட் பதிப்பகத்தின் ஆரம்பம். தென்கிழக்கு ஆசியாவுக்கு அவர்கள் போட்ட மஞ்சள் அட்டைப் புத்தகம் பிரசித்தமாயிற்று. ஆனால் அந்தக் கம்பெனியை நிமிர்த்தி நிறுத்தியது 1981இல் வெளிவந்த 'இந்தியா' நூல்தான். எழுநூறு பக்கம், அதுவரை அவர்கள் போட்டதிலேயே பெரியது. மர்ரே கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்த தேசமே இவர்களுக்கும் கைகொடுத்தது.

இந்தத் தொழிலின் உச்சமும் சரிவும் கணக்கிலேயே தெரிகிறது. 2007இல் பிபிசி நிறுவனம் லோன்லி பிளானட்டின் முக்கால் பங்கை 8.8 கோடி பவுண்டுக்கும், 2011இல் மீதியை 4.2 கோடி பவுண்டுக்கும் வாங்கியது. 2013இல் மொத்தத்தையும் விற்றபோது கிடைத்தது 5.15 கோடி. இணையம் செய்த வேலை.

பணம் ஒருபுறம் இருக்கட்டும், நம்பிக்கைக்கும் சோதனை வந்தது. 2008இல் ஒரு எழுத்தாளர், தான் கொலம்பியாவுக்குப் போகாமலே அந்த நாட்டு வழிகாட்டியில் பங்கு எழுதியதாகச் சொன்னது பெரிய பரபரப்பாயிற்று. அவருக்குக் கொடுத்தது சரித்திரப் பகுதி மட்டும்தான், அதற்கு அங்கே போக வேண்டிய அவசியமில்லை என்று பதிப்பகம் விளக்கம் சொன்னது. 2023இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை இன்னொன்றை வெளிப்படுத்தியது. செயற்கை நுண்ணறிவால் தயாரித்த வழிகாட்டி நூல்கள், இல்லாத எழுத்தாளரின் பெயரும் படமும் போட்டு, பொய்யான பாராட்டுரைகளோடு இணையத்தில் விற்கப்பட்டன. பட்டாணியும் இல்லை, படியும் இல்லை, ஏறியவரும் இல்லை.

ஆகவே இனி ஊருக்குக் கிளம்பும்போது, அச்சிட்ட புத்தகமோ கைபேசியோ எதுவானாலும், இதை எழுதினவர் அங்கே போனாரா, யாரிடமாவது காசு வாங்கினாரா, யாரை மனத்தில் வைத்து எழுதினார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று ஒரு நிமிஷம் கேட்டுக்கொள்வது நல்லது. அதைவிட நல்லது இன்னொன்றும் உண்டு. போய்வந்த ஊரில் முதியவர்கள் ஏற வேண்டிய படி எத்தனை, சைவச் சாப்பாடு எங்கே கிடைத்தது, டாக்ஸிக்கு நியாயமான கூலி எவ்வளவு என்று தேதியோடு ஒரு தாளில் எழுதி, அடுத்துப் போகிறவர் கையில் கொடுக்கலாம். வீராஸ்வாமய்யாவும் தபால்காரர் கிரீனும் செய்தது அதுதான்.